பத்தொன்பதாம் நம்பர் பெட்டி

இந்த வீட்டில் இனி ஓர் அட்டைப்பெட்டிகூடத் தன் உத்தரவில்லாமல் அசையக்கூடாது என்று எலியேசர் ஒருநாள் காலை, வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக நின்றபடி தீர்மானம் எடுத்தார். பெரிய தீர்மானங்களையெல்லாம் அவர் பல் விளக்கும்போதுதான் எடுப்பார். வாய் நிறைய நுரை இருக்கும்போது எதிராளிக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்பது ஒரு வசதி.

எதிராளி என்பது வேறு யாருமில்லை, அவர் மனைவி எவாஞ்சலின்தான். முதல் நாள் சாப்பாட்டு மேசையில் அவள் நிதானமாகச் சொல்லியிருந்தாள்:

"கிறிஸ்துமஸுக்குள்ள அந்த ரூமை ஒழிச்சுக் குடுத்துருங்க."

அந்த ரூம் என்பது பால்கனி. மயூர் விஹாரில் இரண்டாவது மாடி வீடு வாங்கியபோது கிரில் போட்டு, கண்ணாடி அடைத்து, அறையாக்கிய பால்கனி. தில்லியில் டிசம்பர் மாத வெயில் ரேஷன் சாமான் மாதிரி. கொஞ்சமாக வரும், நேரம் பார்த்து வரும், வரிசையில் நிற்காதவர்களுக்குக் கிடைக்காது. இந்த வீட்டுக்கு வருகிற பங்கு மொத்தமும் அந்தக் கண்ணாடி ரூமில்தான் விழும். அங்கே உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்க வேண்டும் என்று எவாஞ்சலின் ஒரு பிரம்பு நாற்காலி வாங்கி வைத்திருந்தாள். நாற்காலி போன வருஷம் முழுக்க ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றது. எலியேசர் ஷூ மாட்டவும், யோசிக்கவும் அதில் உட்காருவார்.

ஏனென்றால் வெயில் ரூமில் கால் வைக்க இடமில்லை. தரையிலிருந்து ஜன்னல் வரை பெட்டிகள். பெட்டிகளுக்குள், துண்டு துண்டாக வாங்கி ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் போர் விமானப் பொம்மைகள். ஒட்டி முடித்தவை, பாதி ஒட்டினவை, ஓய்வு பெற்றதும் ஒட்டலாம் என்று வாங்கி, ஓய்வு பெற்றும் ஒட்டாதவை. விமானங்கள் வெயில் காய்ந்தன. எவாஞ்சலின் அடுப்பில் குளிர்காய்ந்தாள்.

"முட்டி வலிக்கே எவா, பெட்டியெல்லாம் எப்படித் தூக்க?" என்பார் எலியேசர்.

"பரண்ல வைங்க."

"பரண்ல ஈரம். வாரன்ட்டி போயிரும்."

"உங்க முட்டிக்கா, பெட்டிக்கா?"

இப்படி இரண்டு குளிர்காலம் ஓடிப்போயிற்று. மூன்றாவதற்குத்தான் கெடு வைத்துவிட்டாள்.

*

எலியேசருக்கு விமானப் பைத்தியம் பிடித்த கதையைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். அவருக்கு உயரம் என்றால் பயம். ஊருக்குப் போவதென்றால் இன்றைக்கும் ரயில்தான். ஆனால் வேலை பார்த்த காலமெல்லாம் கணக்குத் தணிக்கை. வவுச்சர் நம்பர் வரிசையில் ஒன்று விட்டுப்போயிருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. பதினொன்று இருக்கிறது, பதிமூன்று இருக்கிறது, பன்னிரண்டு எங்கே? எங்கோ ஒருத்தன் எதையோ தின்றிருக்கிறான் என்று அர்த்தம். அந்தக் கண்ணோடு, வாலிபத்தில் ஒருநாள் ஏதோ பத்திரிகையில் அமெரிக்கப் போர் விமானங்களின் பட்டியலைப் பார்த்திருக்கிறார். எஃப்-18. அடுத்தது எஃப்-20. அவ்வளவுதான். அன்றைக்கு உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

இப்போது விமான ரசிகர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் அவர்தான் போலீஸ். "ரகசிய எஃப்-19, பாலைவனத்தில் பறந்தது" என்று யாராவது ஒரு படத்தைப் போட்டால் போதும், எலியேசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாய்வார். நிழல் எந்தப் பக்கம், சக்கரம் எந்த விமானத்தில் திருடினது என்று பிரித்து மேய்ந்து, "புரளி" என்று முத்திரை குத்திவிட்டுத்தான் சாப்பிட வருவார். கீழ்வீட்டுக் கல்யாணராமனும் அந்தக் குழுவில் இருந்தார். அவர் எதையும் நம்புவார். இருவருக்கும் நல்ல சிநேகம்.

கெடு விழுந்த அன்று சாயங்காலம் எவாஞ்சலின் முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கொஞ்சம் குளிர்விக்கலாம் என்று எலியேசர் அடுக்களைக்கு வந்து, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆரம்பித்தார்.

"பதினெட்டு இருக்கு. இருபது இருக்கு. பத்தொன்பது இல்ல. ஏன் இல்ல, சொல்லு பாப்போம்?"

"நான் என்ன அமெரிக்கா பட்டாளத்துலயா இருந்தேன்? அந்த ஜல்லிக் கரண்டியை எடுங்க."

எடுத்துக் கொடுத்தார். "ரஷ்யாக்காரன் விமானமெல்லாம் ஒத்தைப்படை நம்பர். வெளிநாட்டுல விக்கணும்னா நம்மது வித்தியாசமா, எடுப்பா இருக்கட்டும், இருபதாக் குடுங்கன்னு விமானக் கம்பெனிக்காரன் கேட்டானாம். அப்படித்தான் சொல்லுதாங்க. நம்பர் குடுக்குற ஆபீஸ்காரன் பத்தொன்பதைத் தாண்டிட்டான்."

"பதிமூணு உண்டா?"

"அதையும் விட்டுட்டாங்க. ராசியில்லன்னு ஒரு பேச்சு."

"குண்டு போடுற ஆளுக்குப் பதிமூணைக் கண்டா பயமாக்கும்! நம்ம பிளாக்குல பதிமூணாம் நம்பர் வீட்டுல ஒரு பஞ்சாபிக் குடும்பம் நல்லா திடகாத்திரமா இருக்கு." உருண்டையை மாவில் முக்கி எண்ணெயில் போட்டாள். ஆனால் காது இங்கேதான் இருந்தது. "அப்புறம்?"

அப்புறம் என்ற சொல்லைக் கல்யாணமான நாள் முதல் விமான விஷயத்தில் அவள் சொன்னதில்லை. எலியேசர் உருகிப்போனார்.

"அப்புறந்தான் வேடிக்கை. ஒரு நம்பர் இல்லன்னா அது ரகசியம்னுதானே அர்த்தம்? ராடாருக்குத் தெரியாத விமானம் ஒண்ணு செய்யுதாங்கன்னு ஏற்கெனவே பேச்சு. உடனே ஜனங்க ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டாங்க. ஒரு பொம்மைக் கம்பெனிக்காரன் என்ன செஞ்சான், தானா யோசிச்சு, வழவழன்னு, கறுப்பா ஒரு விமானம் செஞ்சு எஃப்-19னு பேரைப் போட்டு வித்தான். லட்சக்கணக்குல போச்சு! நம்ம பார்லிமென்ட் மாதிரி அங்க உள்ள சபையில ஒருத்தர் அந்தப் பொம்மையைக் கையில பிடிச்சுக்கிட்டு, இவ்வளவு பெரிய ரகசியம் எப்படிக் கடைக்கு வந்துதுன்னு கேட்டாராம்."

"நெசமாவா?"

"அடுத்த வருஷம் அதே கம்பெனி, ரஷ்யாக்காரனுக்கும் இல்லாத விமானம் ஒண்ணு செஞ்சு வித்துட்டான். பின்னால அசல் விமானம் வெளிய வந்துது பாரு. வழவழப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. தகரத்தை மடக்கி மடக்கி ஒட்டின மாதிரி. நம்பரும் பத்தொன்பது இல்ல. நூத்திப் பதினேழு!"

எவாஞ்சலின் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள். "அப்ப பொய் சொன்னது யாரு?"

எலியேசர் யோசித்தார். இத்தனை வருஷம் புரளி பிடித்தவருக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

"யாரும் சொல்லலியே எவா. ஆபீஸ்காரன் ஒரு நம்பரை விட்டான், அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் ஜனங்களாக் கட்டிக்கிட்டாங்க."

"அச்சா," என்றாள் எவாஞ்சலின்.

அவள் தமிழில் திட்டினால் பயமில்லை. கான்வென்ட் இங்கிலீஷில் திட்டினால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். இப்படி ஹிந்தியில் மெதுவாக, இழுத்து, 'அச்சா' என்று சொன்னால் புத்தியுள்ளவன் செருப்பைத் தேடுவான். எலியேசர் இன்னொரு முந்திரிக்கொத்தை எடுத்துக்கொண்டார்.

*

பல் விளக்கி முடித்ததும் தீர்மானம் திட்டமாகியிருந்தது. நேரே வந்து அறிவித்தார்.

"எவா, பெட்டிக்கெல்லாம் நம்பர் போடப் போறேன்."

"எதுக்கு?"

"நம்பர் விழுந்துட்டா அது ஸ்டாக். ஸ்டாக்குன்னா சும்மா இங்கேருந்து அங்க நகர்த்தக்கூடாது. உத்தரவு வேணும்."

"யார் உத்தரவு?"

"நம்பர் போட்ட ஆளு உத்தரவு." கழுத்தை நிமிர்த்திக்கொண்டார். அரசாங்கத்தில் ஓட்டை மேசை, உடைந்த விசிறி எதையும் யாராலும் அப்புறப்படுத்த முடியாததற்கு அதுதான் காரணம். நம்பர் போட்டாயிற்று. அப்புறம் கர்த்தரே வந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

எவாஞ்சலின் சண்டைக்கு வருவாள் என்று ஒன்பது பதில் தயாராக வைத்திருந்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "ஸ்டிக்கரைக் குடுங்க, நான் எழுதுதேன். உங்க கையெழுத்துல ஏழா ஒண்ணான்னு உங்களுக்கே தெரியாது," என்றாள்.

நியாயம்தான். பாளையங்கோட்டைக் கான்வென்டில் கன்னியாஸ்திரிகள் ஸ்கேலால் தட்டித் தட்டி வளைத்த கையெழுத்து அவளுடையது. அவள் போடும் ஒன்பதுக்கு மயில் கழுத்து மாதிரி ஒரு வளைவு இருக்கும்.

எழுதினாள், ஒட்டினாள். எலியேசர் வாசலில் நின்று மேற்பார்வை பார்த்தார். பாதி மேற்பார்வை ஃபோனில் போய்விட்டது. குழுவில் யாரோ ஒரு புதுப் புரளியைப் போட்டிருக்க, அவர் சக்கரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நடுவில் குக்கர் விசிலடித்தது. எவாஞ்சலின் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து மீதியை முடித்தாள்.

"ஆச்சா? கடைசி நம்பர் என்ன?"

"நாப்பத்தொண்ணு."

"ஷாபாஷ்!" என்றார் எலியேசர். ஒரு பெண்பிள்ளை, தன்னைத் தோற்கடிக்கும் விலங்கைத் தானே தன் கையால் மாட்டிக்கொண்டாளே என்று அவருக்கு அன்றைக்கு அவள்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் ஸ்டாக் சரிபார்க்கப் போனார். போன கொஞ்ச நேரத்தில் அலறல்.

"எவா! பத்தொன்பது எங்க?"

"அங்கன பாருங்க."

"பதினெட்டு இருக்கு. இருபது இருக்கு. பத்தொன்பதைக் காணும்!"

"அமெரிக்கா சமாச்சாரமா?"

"நம்ம வீட்டுச் சமாச்சாரம்! நீ எதையாவது எடுத்தியா?"

எவாஞ்சலின் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். "உங்க பெட்டி ஒண்ணையும் நான் வெளிய எடுக்கல. பைபிளைக் கொண்டாங்க, கை வச்சுச் சொல்லுதேன்."

பைபிள் வரைக்கும் போகிறாள் என்றால் நிஜம்தான். எலியேசருக்கு அவளை நன்றாகத் தெரியும். அவள் பொய் சொல்ல மாட்டாள். அவளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். வெளியாள் கை. பழைய பேப்பர்காரனைக் கேட்டில் மடக்கிப் பெட்டியைப் பற்றி விசாரித்தார். "பையா, என் டிப்பா ஒண்ணு காணும்."

அவன் ஹிந்தியில் சிரித்தான். "பாபுஜி, உங்க மேம்சாப் கையிலிருந்து ஒரு காலி பாட்டிலை வாங்கறதுக்குள்ளயே என் உயிர் போவுது. டிப்பாவாவது!"

சாயங்காலம் கல்யாணராமன் காபிக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பத்தொன்பதாம் நம்பர் பெட்டியா? அதுலே என்ன சார் இருந்தது?"

எலியேசர் பெட்டிகளை மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். என்ன இருந்தது?

"ஒருவேளை..." கல்யாணராமன் குரலைத் தாழ்த்தினார். "அந்த எஃப்-19 பொம்மையோ?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாம். எலியேசர் அந்தப் பொம்மையை வாலிபத்தில் கனாட் பிளேஸில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறார். வெகுநேரம் பார்த்திருக்கிறார். வாங்காமல் பஸ் ஏறி வந்துவிட்டார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காபி ஆறுவதற்குள் அவர் ஞாபகத்தில் கடைக்குள்ளேயே போய்விட்டார். கல்யாணராமன் இரண்டாவது டம்ளர் குடிப்பதற்குள் வாங்கியும்விட்டார்.

"பிரிக்கவே இல்ல சார். சீல் உடைக்காம வச்சிருந்தேன்."

"நேக்கு நன்னா ஞாபகம் இருக்கு. கறுப்புப் பெட்டி. ஒரு மூலை நசுங்கியிருக்குமே?"

"ஆமா! இடது மூலை!"

"வலது மூலைன்னா?"

"திருப்பி வச்சிருந்தப்ப பாத்திருப்பீங்க."

"கரெக்ட்டு!" என்றார் கல்யாணராமன், தொடையில் தட்டி.

அடுக்களையில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. எவாஞ்சலினுக்கு ஏதோ புரையேறியிருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே விஷயம் குழுவுக்குப் போய்விட்டது. குருகிராமிலிருந்து ஒரு பையன், இவர்கள் சொன்ன அடையாளத்தை வைத்துக் கம்ப்யூட்டரில் பெட்டியைப் படமாகவே பண்ணி அனுப்பினான். கறுப்புப் பெட்டி, வழவழ விமானம், இரண்டு மூலையும் நசுங்கல். எலியேசர் கண்ணாடியை மாட்டினார். நிழல் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்க்கவில்லை.

"இதேதான்!" என்றார்.

*

அதற்கப்புறம் அவருக்குத் தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஃபிரிட்ஜைப் பார்ப்பதுதான் வேலை. ஒரு காலை எவாஞ்சலினே கேட்டாள்.

"ஏங்க, எத்தனை நாளைக்கு இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு இருப்பீய? உங்க ஆபீஸ்ல ஒரு சாமான் காணாமப் போனா என்ன செய்வீய?"

"என்ன செய்ய? ரூமை முழுசாக் காலி பண்ணி, ஒவ்வொண்ணா வெளிய எடுத்துப் பாப்போம்."

"ஓஹோ," என்றாள். "ஆனா உங்களுக்கு முட்டி வலியாச்சே."

"முட்டி கிடக்கட்டும்!" என்று எழுந்தார் எலியேசர். "எஃப்-19 போயிருக்கு, முட்டியாம் முட்டி!"

கல்யாணராமனும் வந்தார், மங்கி கேப்பும் மஃப்ளருமாக. எலியேசர் தூக்கினார், கல்யாணராமன் நம்பரைக் கூவினார். அந்த முட்டியை அப்படி மடக்கி நிமிர்த்தி எவாஞ்சலின் பார்த்ததே இல்லை. காலை டிஃபன் ஆறி, மதியச் சோறு வடிக்கும் நேரத்துக்கு வெயில் ரூம் துடைத்துவிட்டது போல ஆயிற்று. ஹாலில் சோபா தெரியவில்லை, டி.வி. தெரியவில்லை. பெட்டிகளுக்கு நடுவில் கல்யாணராமனின் மங்கி கேப் மட்டும் தெரிந்தது.

பத்தொன்பது இல்லை.

எலியேசர் பிரம்பு நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். எவாஞ்சலின் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஹாலைச் சுற்றிப் பார்த்தாள்.

"சாயங்காலம் கேரல் வாராங்க. ஞாபகம் இருக்கா? பாஸ்டர், பாஸ்டரம்மா, கிட்டார் வாசிக்கிற பிள்ளைங்க, பின்னாடி வாலு போல இருபது பேரு. எங்க நின்னு பாடுவாங்க? உங்க தலை மேலயா?"

"உள்ளயே திரும்ப வச்சிருதேன்."

"அங்க தரையைக் கழுவி விட்டுட்டேன். இத்தனை வருஷ அழுக்கு. ஈரத்துல அட்டைப்பெட்டியை வச்சா என்ன ஆகும்னு நீங்கதான் சொல்லணும்."

எலியேசர் மெல்ல, மிக மெல்ல, மேலே பார்த்தார்.

"பரண்ல ஈரம்னு..." என்றார் கல்யாணராமன்.

"காஞ்சு போச்சு," என்றார் எலியேசர்.

ஏணி வந்தது. உயரம் என்றால் பயப்படுகிற மனிதர், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் ஏணியையும் ஒரு கையால் விமானப் படையையும் பிடித்தபடி ஏறி இறங்கினார். கடைசிப் பெட்டியையும் தள்ளிவிட்டு இறங்கினார். கல்யாணராமன் ஏணியை மடித்து வாசலுக்குக் கொண்டு போனார்.

உட்காரலாம் என்று ஃபிரிட்ஜ் பக்கம் வந்தால் நாற்காலியைக் காணவில்லை.

வெயில் ரூமில் இருந்தது. ஈரம் காய்ந்த தரையில் மஞ்சளாக வெயில் கிடந்தது. நட்டநடுவில் பிரம்பு நாற்காலி, அதில் வாசலுக்கு முதுகு காட்டி எவாஞ்சலின். சால்வை நழுவியிருந்தது. காலை நீட்டி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலி முதுகில், இத்தனை நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர். அதில் மயில் கழுத்து மாதிரி வளைந்த ஒன்பது. அதற்கு முன்னால் ஓர் ஒன்று.

எலியேசர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் பத்தொன்பதுதான்.

"எவா... இதுலயா?"

"நம்பர் போடணும்னீய, போட்டேன். குக்கரை இறக்கப் போனப்ப கண்ணுல பட்டுது. நல்ல சாமான், ஸ்டாக்குல சேக்காம விட மனசில்ல."

"நான் வீடு பூராவும் தேடினேனே! சொல்லியிருக்கலாம்லா?"

"அதுலயே உக்காந்துதான தேடினீய. எதுக்கு எழுப்பணும்னு விட்டுட்டேன்."

"அப்ப என் எஃப்-19? கறுப்புப் பெட்டி? இடது மூலை..."

எவாஞ்சலின் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். "அதை நீங்களும் கல்யாணராமன் சாரும்தான் பாத்திருக்கீய. நான் பாக்கல."

எலியேசருக்கு மெதுவாக, ஒரு படி ஒரு படியாக, கனாட் பிளேஸ் கடைக் கண்ணாடி ஞாபகம் வந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தான் நின்றதும் ஞாபகம் வந்தது. அப்புறம் தொண்டையைக் கனைத்தார்.

"சரி, போனது போகட்டும். கேரல் முடிஞ்சதும் நாளைக்குப் பெட்டியெல்லாம் இறக்கிப் பழையபடி இங்க..."

"வைங்க. அதுக்கு இந்த நாற்காலியை நகர்த்தணும்லா?" முகத்தை வெயிலுக்குக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். "நம்பர் விழுந்த சாமான். நம்பர் போட்ட ஆளு உத்தரவு வேணும். பெட்டிக்கும் அதே சட்டந்தான். எல்லாத்துலயும் என் கையெழுத்துதான இருக்கு?"

வாசலிலிருந்து கல்யாணராமன், ஏணியை வைத்துவிட்டு, ஆவலோடு எட்டிக் கூப்பிட்டார்.

"சார்! பத்தொன்பது ஆப்ட்டுதா?"

"ஆப்ட்டுது சார்," என்றார் எலியேசர். "பைலட்டும் ஏறி உக்காந்தாச்சு."